சிறீதரன் அண்ணையின் சைக்கிள்

ஊர் சுற்றிக் காட்டுகிறேன் வா என்று இனி யாராவது கூப்பிட்டால் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். எத்தனை வீடு? எத்தனை டீ? அன்றைக்குக் கேட்காமல் கிளம்பியது என் தப்பு.

இளங்கீரனும் நானும் ஜெர்மனியில், பான் நகரத்தில், ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். நிலத்தடி நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதிப்பது எங்கள் வேலை. நான் ஈரோட்டுக்காரன், ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன். அவன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்தது பீலெஃபெல்டில். அப்படி ஓர் ஊரே கிடையாது என்பது ஜெர்மன்காரர்களின் பழைய கிண்டல். முப்பது வருடமாக அதையே சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரி சிரிப்பார்கள். இருக்கிறதா இல்லையா என்று நீயே வந்து பார், ஒருநாள் முழுக்கச் சைக்கிளில் சுற்றலாம் என்று இளங்கீரன் கூப்பிட்டான். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. மழை இல்லை என்று வானிலை அறிக்கை சொன்னது. சரி என்றேன்.

ரயில் ஹம் நிலையத்தைத் தாண்டிய பிறகுதான் அவன் முதுகுப்பையைத் திறந்தான். உள்ளே எட்டு உறைகளும் ஒரு மஞ்சள்தூள் பாக்கெட்டும் இருந்தன. தண்ணீர்ப் போத்தலின் மூடியில் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு உறையின் நான்கு மூலையிலும் தடவ ஆரம்பித்தான். டிக்கெட் பார்க்க வந்த பெண்மணி இருக்கையில் ஒழுகிய மஞ்சளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டிக்கெட்டைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

அவை அவனுடைய கல்யாணப் பத்திரிகைகள். ஆகஸ்ட் முதல் தேதி அவனுக்கும் யோஹன்னாவுக்கும் கல்யாணம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். யோஹன்னா ஹாலே ஊர்ப் பெண். அங்கே ஒரு பழைய அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில், முன்னூறு வருடத்துக்கு முந்திய தமிழ்க் கடிதங்களைப் புரட்டிப் பட்டியல் போடுகிற வேலை. எங்கள் இருவரையும்விட ஒழுங்காகத் தமிழ் எழுதுவாள். பேசினால் மட்டும் பழைய காலத்துப் பாதிரியார் பிரசங்கம் செய்கிற மாதிரி இருக்கும்.

தெரியாதது என்னவென்றால், இளங்கீரனின் அப்பா இந்தக் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்பது. கேட்டதும் நான் நினைத்ததைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். வெள்ளைக்காரப் பெண், அதனால் தகப்பனுக்குக் கோபம். அது இல்லையாம். அவருக்கு யோஹன்னாவை ரொம்பப் பிடிக்கும். அவள் வந்தால் நண்டு வாங்கக் கடை கடையாக அலைவாராம். அவருக்குப் பிரச்சினை பெண் இல்லை, மாதம். ஆகஸ்ட் முதல் தேதி ஆடி மாதத்தில் வருகிறது.

இவர்கள் தேடிய மண்டபம் அந்த ஒரு சனிக்கிழமைதான் காலி. விட்டால் அடுத்த மார்ச். செப்டம்பரில் யோஹன்னாவுக்கு நோர்வேயில் இரண்டு வருட வேலை தொடங்குகிறது. பதிவு அலுவலகத்திலும் அந்த வாரம் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைத்தது. ஜெர்மனியில் ஒரு டெர்மின் கிடைத்த பிறகு அதை மாற்ற நினைப்பவன் பைத்தியக்காரன். இளங்கீரன் நாளை உறுதி செய்துவிட்டு அப்பாவுக்கு ஃபோன் பண்ணினான். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார். "ஆடியிலைதான் செய்வன் எண்டால் செய். என்ரை பேரைக் காட்டிலை போடாதை. நானும் வரமாட்டன்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பேச்சில் காட் என்றால் பத்திரிகை. இதெல்லாம் ஏப்ரலில். அதற்குப் பிறகு இருவரும் வாரம் ஒருமுறை ஃபோனில் மழை பெய்ததா இல்லையா என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

"அப்ப இந்த சைக்கிள் ப்ரோக்ராம்?" என்று கேட்டேன்.

அதுவும் அதற்குத்தான். எண்பதுகளில் அப்பாவோடு ஒரே அகதி விடுதியில் இருந்த ஏழு குடும்பங்கள் இப்போது பீலெஃபெல்டின் நான்கு மூலையிலும் இருக்கின்றன. அந்த ஏழு வீட்டுக்கும் நேரில் போய்க் காட் கொடுப்பது. ஏழு வீடும் வருகிறோம் என்று சொல்லிவிட்டால், அவர்கள் எல்லாரும் மண்டபத்தில் இருக்கும்போது அப்பாவால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது. இதுதான் அவன் திட்டம். எட்டாவது உறை நித்தியானந்தன் என்பவருக்கு. அவர் இவர்களில் மூத்தவர். வருடா வருடம் நல்லநேரம், கெட்டநேரம் எல்லாம் போட்ட நாட்காட்டி அச்சடித்து ஊரில் உள்ள தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுப்பவர். அப்பா பார்த்ததும் அவர் கொடுத்த நாட்காட்டியைத்தான். அவரிடம் ஆடி மாதப் பத்திரிகையை நீட்ட இளங்கீரனுக்குத் தைரியம் வரவில்லை. பாப்பம் என்றான்.

ஒரு பத்திரிகையை வாங்கிப் பிரித்தேன். நல்ல தடித்த தாள். தமிழிலும் ஜெர்மனிலும் யோஹன்னா, இளங்கீரன் என்று இரண்டே இரண்டு பெயர்கள். நாங்கள் திருமணம் செய்கிறோம், வாருங்கள். அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பினேன். மண்டபத்துக்கு வழி போட்டிருந்தது.

எங்கள் ஊரில் பத்திரிகை என்றால் பெற்றவர்கள்தான் கூப்பிடுவார்கள். சித்தப்பா படித்த படிப்பு வரைக்கும் அதில் இருக்கும். மாப்பிள்ளை பெயரை நடுவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் வழக்கமும் அதுதான் என்று எனக்கே தெரியும். ஆனால் இவன் ஜெர்மன் நண்பர்களின் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்து வளர்ந்தவன். அதில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். அப்பா பெயர் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. இதை எடுத்துக்கொண்டு போய் எந்தப் பெரியவர் கையில் கொடுத்தாலும் வில்லங்கம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்பது என் கொள்கை. நல்ல கொள்கை என்று சொல்ல மாட்டேன். நிம்மதியான கொள்கை.

அப்பா சிறீதரன் பீலெஃபெல்டின் ஷில்டெஷ பகுதியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா சிவமலர் நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் அப்பா சந்தைக்குப் போய்விடுவார் என்று தெரிந்தே வந்திருந்தோம். நிலவறைச் சாவி இளங்கீரனிடம் இருந்தது. உள்ளே அவனுடைய சைக்கிள் இருந்தது, எனக்கு அப்பாவுடையது. சாம்பல் நிறம், யானைக் கனம், பின்னால் கம்பிக் கூடை, மழைக்காக ஆசனத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை. முப்பது வருடம் மூன்று ஷிப்டுக்கும் தொழிற்சாலைக்கு அதில்தான் போனாராம். கேட்காமல் எடுக்கலாமா என்றேன். அவர் வருவதற்குள் வைத்துவிடலாம் என்றான். ஏழு வீட்டுக்கும் இரண்டு மணி நேரம் போதும் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

முதலில் ஊர் காட்டவும் செய்தான், குறை சொல்லக் கூடாது. ரயில் போகிற பெரிய வளைவுப் பாலத்தைக் காட்டினான். அதன் கீழே ஏரி, ஏரியில் வாத்து. சின்ன வயதில் தன் பல் உடைந்த நீச்சல் குளத்தைக் காட்டினான். இவன் படிக்க லாயக்கில்லை, ஏதாவது கைத்தொழில் பழகட்டும் என்று ஓர் ஆசிரியை அம்மாவிடம் சொன்ன பள்ளிக்கூடத்தைக் காட்டினான். அகதி விடுதி இருந்த இடத்தில் இப்போது குழந்தைகள் காப்பகம், வேலியில் காகிதப் பட்டாம்பூச்சிகள். எல்லா இடத்திலும் நின்று பார்த்தேன். ஒரு பாலம், ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு வேலி. அவனுக்கு ஊர், எனக்கு விலாசங்கள். யார் ஊரைப் போய்ப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

முதல் வீடு பாவும்ஹைடவில், பாலமுருகன் என்பவருடையது. அடுக்குமாடி வாசலில் நாங்கள் சைக்கிளை நிறுத்துவதை அவர் மேலிருந்தே பார்த்துவிட்டார். கதவைத் திறந்ததும் எங்களை வாங்கோ என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார். அங்கே யாரும் வரவில்லை.

"உது சிறீதரன் அண்ணையின்ரை சைக்கிளெல்லோ? அப்பா வரேல்லையோ?"

"இல்லை அங்கிள். நான்தான் வந்தனான்."

உட்கார வைத்தார்கள். டீ வந்தது, ரோல்ஸ் வந்தது, கேக் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் இளங்கீரன் எழுந்து நின்று இரண்டு கையாலும் காட்டைக் கொடுத்தான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. பாலமுருகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பின்பக்கம் திருப்பினார். பிறகு உறைக்குள் விரலை விட்டு வேறு தாள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மனைவியிடம் கொடுத்தார். அவரும் திருப்பிப் பார்த்தார். தேதியைப் பார்த்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாப்பம் தம்பி" என்றார் பாலமுருகன்.

படி இறங்கும்போது நல்லா வரவேற்றார்கள் இல்லையா என்று இளங்கீரன் கேட்டான். பாப்பம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம்டா என்று சொல்ல வாய் வரை வந்தது. கொள்கையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது, மூன்றாவது வீடுகள் ஹேபனில். அதே டீ, அதே ரோல்ஸ், ஒரு வீட்டில் கூடுதலாக வடை. அதே மாதிரி எங்களுக்குப் பின்னால் ஆளைத் தேடினார்கள், அதே மாதிரி காட்டைத் திருப்பினார்கள். மூன்றாவது வீட்டில் ஓர் அன்ரி நேரடியாகவே கேட்டுவிட்டார், இதில் கூப்பிடுகிறது யார் என்று. நாங்கள்தான் அன்ரி என்றான் இளங்கீரன். அவர் தலையை ஆட்டிவிட்டு எனக்கு இன்னொரு டீ ஊற்றினார். வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று இளங்கீரன் ரயிலிலேயே சொல்லியிருந்தான். காட் கொடுக்கப் போன வீட்டில் கை நனைக்காவிட்டால் கோபிப்பார்களாம். எனக்கு வயிறு கனத்தது, சைக்கிள் அதைவிடக் கனத்தது. எவ்வளவு மிதித்தாலும் மண்ணில் இழுக்கிற மாதிரியே போனது. இதை முப்பது வருடம் ஓட்டிய மனிதர் ஆடி மாதத்துக்கெல்லாம் இறங்கி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஸ்பாரன்பூர்க் கோட்டைக்கு ஏறினோம். ஏறினோம் என்றால் அவன் ஓட்டினான், நான் தள்ளினேன். மேலே ஒரு சுவரில் உட்கார்ந்தோம். முழு ஊரும் கீழே தெரிந்தது, ஓட்டுக் கூரைகள், இரண்டு தேவாலயக் கோபுரங்கள், சுற்றிலும் காடு. மூன்று வீடு முடிந்தது, ஒருவரும் வருகிறோம் என்று சொல்லவில்லை என்று இளங்கீரன் சொன்னான். ஆகப் பாப்பம் என்பதன் அர்த்தம் அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்பா வராட்டி?" என்று கேட்டேன். இதைக் கேட்பது மூக்கை நுழைப்பதில் சேருமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

அவன் கீழே ஊரைப் பார்த்தபடி சொன்னான்.

"அம்மாவும் இல்லை, மச்சான். அவரும் வராட்டி மண்டபத்திலை என்ரை பக்கத்திலை ஆர் நிக்கிறது? மண்டபம் இருக்கு, ஐயர் இருக்கிறார், எல்லாம் இருக்கு. அவரில்லாமல் தாலி கட்டலாம். ஆனா என்னாலை ஏலாது."

அவன் அழவில்லை. நானும் தோளில் கை வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஜெர்மன் குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு இறங்கினோம்.

நான்காவது வீடு ஸீக்கரில். அங்கேதான் முதலில் ஏதோ மாறியது. நாங்கள் மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. எங்களுக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை. சாப்பாட்டு மேசை தயாராக இருந்தது. காட்டை வாங்கிய வீட்டுக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். கட்டாயம் வருவோம் என்றார். பிறகு அக்கறையாக விசாரித்தார், அப்பாவுக்கு முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று.

இளங்கீரன் என்னைப் பார்த்தான். என்ன முழங்கால் என்று அவன் கேட்டதற்கு, பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டார், அப்படிப்பட்ட மனிதர் என்று வீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். புறப்படும்போது பழைய ஜாம் போத்தலில் ஏதோ பச்சை எண்ணெய் கொடுத்து, ராத்திரியில் சூடாக்கித் தேய்க்கச் சொன்னார்கள். அதைக் கூடையில் வைத்தேன்.

வெளியே வந்ததும் இளங்கீரன் அப்பாவுக்கு ஃபோன் பண்ணினான். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பண்ணினான். இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சந்தையில் விழுந்திருப்பாரோ என்றான்.  விழுந்தவர் இப்படி இடைவிடாமல் பேச மாட்டார் என்று சொல்லி அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஐந்தாவது, ஆறாவது வீடுகள் ஸ்டீக்ஹோர்ஸ்டில். இரண்டிலும் வருகிறோம் என்றார்கள். இரண்டிலும் முழங்காலை விசாரித்தார்கள். ஒரு வீட்டில் முழங்காலில் சுற்றுகிற இழுவைப் பட்டி கொடுத்தார்கள், இன்னொன்றில் குதிரைப் படம் போட்ட களிம்பு. ஆறாவது வீட்டு வாசலில் பலசரக்குக் கடை மாதிரி என் கூடை நிறைந்திருந்தது. அப்பாவின் ஃபோன் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஏழாவது வீடு பிராக்வேடவில். தேவமலர் அன்ரி முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறவர், எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற ரகம் இல்லை. வேத வீடு, அதாவது கிறிஸ்தவர்கள். சுவரில் மாதா படம் இருந்தது, ஆனால் நித்தியானந்தன் அச்சடித்த நாட்காட்டியும் சமையலறையில் தொங்கியது. அன்ரி டீயை வைத்ததும் முழங்காலைப் பற்றித்தான் தொடங்கினார். எலும்பு மருத்துவரிடம் உடனே டெர்மின் எடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

இளங்கீரன் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டான். "அன்ரி, அப்பாவுக்கு முழங்காலிலை என்ன?"

"உனக்குச் சொல்லேல்லையோ? காலமை பாலமுருகன் அண்ணை அப்பாவுக்கு ஃபோன் எடுத்தவராம். மகன் தனிய வந்து காட் தாறான், உங்கடை பேரும் அதிலை இல்லை, என்ன நடந்தது எண்டு கேட்டவராம். அதுக்கு அப்பா, நான்தான் அனுப்பினனான் எண்டவராம். முழங்கால் ஏலாது, படி ஏற ஏலாது, அதுதான் என்ரை சைக்கிளைக் குடுத்து விட்டனான், பேர் அச்சடிச்ச இடத்திலை விடுபட்டுப்போச்சு எண்டவராம். பேந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே எடுத்துச் சொன்னவர். எனக்கும் எடுத்தவர். குறை நினைக்காமல் வாங்கோ எண்டவர்."

இளங்கீரன் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கிவிட்டது. அன்ரி அதைப் பார்த்துவிட்டு, பயப்பிடாதை, உது தேய்மானம்தான், எல்லாருக்கும் வாறது என்றார்.

திரும்பி வரும் வழியில் அவன் எனக்கு ஒன்றும் காட்டவில்லை. பத்து கிலோமீட்டர். நான் பின்னால் எண்ணெய்ப் போத்தல் உடையாமல் பார்த்து ஓட்டினேன். காலையில் போன பாதையேதான் கடைசிப் பகுதி. நீச்சல் குளம் வந்தபோது, இது அவன் பல் உடைந்த இடம் என்று எனக்கே தோன்றியது.

சிறீதரன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உயரமில்லாத, மெலிந்த மனிதர். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். மகனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, குனிந்து, சைக்கிள் டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காத்தே இல்லை. இதிலை எப்பிடித் தம்பி இவ்வளவு நேரமும் ஓடினனீங்கள்?"

நாள் முழுக்க என்னிடம் பரிவாகப் பேசிய முதல் ஆள் இவர்தான் என்று பட்டது. அடுத்து அவர் கூடையைப் பார்த்தார். எண்ணெய், பட்டி, குதிரைக் களிம்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தார். உள்ளே வரச் சொன்னார். படியில் எங்களுக்கு முன்னால் ஏறினார். இரண்டு மாடி. மூச்சு வாங்கியது நான்தான்.

பிட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தார். மூன்று பேருக்கும் தட்டு இருந்தது. நான் உட்கார்ந்தேன், அவர்கள் இருவரும் நின்றார்கள். ஃபோனில் பேசியது பற்றி அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. மழை வரும் போலக் கிடக்கு என்றார் அப்பா. வராது என்றான் இளங்கீரன். எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் இருவரையும் ஓர் அறையில் பூட்டிவிட்டு ரயிலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

பிறகு சிறீதரன் கையை நீட்டினார். இளங்கீரன் புரிந்துகொண்டு எட்டாவது உறையைக் கொடுத்தான். அவர் கண்ணாடி இல்லாமல், கையைத் தூரமாக வைத்துப் படித்தார். இரண்டு பெயர்தானே, சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ரை பேரைத்தான் போடாதையெண்டனான்" என்றார். "அம்மா என்ன செய்தவ?"

  இளங்கீரன் அப்பா பெயரை எடுத்தபோது கூடவே அம்மா பெயரும் போய்விட்டது. அதை அவன் கவனிக்கவே இல்லை, ரயிலில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நானும் கவனிக்கவில்லை.  கையில் எடுத்த பிட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அப்போது ஃபோன் அடித்தது. அது மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. நித்தியானந்தன் என்று திரையில் வந்தது. இவர்கள் வயதுக்காரர்கள் எல்லாரையும் போல சிறீதரனும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"என்ன சிறீதரன், உன்ரை சைக்கிள் ஊரெல்லாம் ஓடித் திரியுதாம். என்ரை வாசலிலை மட்டும் நிக்கேல்லை."

"உங்களிட்டை நானே வரவேணும் எண்டு இருந்தனான் அண்ணை."

"முழங்கால் ஏலாது எண்டு கதைக்கினம்?"

"உங்கடை வீட்டுக்கு வாற அளவுக்கு ஏலும்."

அந்தப் பக்கம் ஒரு செருமல். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. தன்னுடைய நாட்காட்டியைத்தான் புரட்டுகிறார் என்று தெரிந்தது.

"ஓகஸ்ட் ஒண்டாம் திகதி எண்டு சொல்லிச்சினம். அது ஆடி பதினாறெல்லோ. உனக்குத் தெரியாமலே?"

சிறீதரன் சுவரைப் பார்த்தார். அவர் வீட்டிலும் அதே நாட்காட்டிதான் தொங்கியது, ஜூன் மாதம் விரிந்தபடி. இளங்கீரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழு வீட்டுக்கும் சைக்கிளில் சுற்றியது இந்த ஒரு பதிலுக்காகத்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஊரிலைதான் அண்ணை அது ஆடி" என்றார் சிறீதரன். "இஞ்சை ஓகஸ்ட்."

நாட்காட்டித் தாள் மறுபடி புரளும் சத்தம் கேட்டது. பிறகு நித்தியானந்தன், சரி வா, தேத்தண்ணி வைக்கச் சொல்லுறன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

சிறீதரன் இழுப்பறையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். காட்டை மேசையில் வைத்து, கீழே இருந்த வெற்றிடத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அழைப்பவர்கள் என்று எழுதி, சிவமலர், சிறீதரன் என்று போட்டிருந்தார். மனைவி பெயர்தான் முதலில். காலஞ்சென்ற என்ற சொல்லைப் போடவில்லை.

மை காயும்வரை ஊதினார். உறைக்குள் வைத்து இளங்கீரனிடம் கொடுத்து, நித்தியானந்தன் அண்ணைக்கு முன்னால் எழும்பி நின்று குடுக்க வேணும், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க வேணும் என்றார். ஓம் அப்பா என்றான் அவன்.  சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் திரும்பினார். நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி, நாங்கள் கெதியாய் வந்திடுவம் என்றார். ஃபோனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்த அந்தச் சாம்பல் சைக்கிளில் அவர் ஏறினார். ஓர் உந்து, அவ்வளவுதான். அந்தத் தெரு கொஞ்சம் மேடு. மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். கூடையில் எண்ணெய்ப் போத்தலும் களிம்பும் குலுங்கின. இளங்கீரன் பின்னால் போனான், அவனால் பிடிக்க முடியவில்லை.

ஃபோன் மறுபடி அடித்தது. பாலமுருகன் என்று வந்தது. மூன்று தடவை அடிக்க விட்டேன். அடுத்தவர் குடும்ப விஷயம். நான்காவது தடவை எடுத்தேன்.

அண்ணையோ என்று கேட்டார். இல்லை அங்கிள், காலையில் இளங்கீரனோடு வந்தேனே, விக்னேஷ் என்றேன். முழங்கால் இப்போது எப்படி, அண்ணை என்ன செய்கிறார் என்று கேட்டார்.

தெருமுனையில் சிறீதரன் கையை நீட்டிச் சைகை காட்டி இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வலி இருக்கு அங்கிள், படுத்திருக்காரு" என்றேன். "ஆகஸ்ட் ஒண்ணாந் தேதிக்குள்ள சரியாயிடும். நீங்க கண்டிப்பா வந்துடுங்க."